ஸ்தபதியின் ஆயமும் வியயமும்

திருவண்ணாமலையில் கிரிவலம் வரும் அன்பர்கள் 14 கிலோமீட்டர்ப் பாதையில் அக்னி லிங்கத்தை வணங்கிச் செங்கம் சாலை வழியே நடக்கையில், வலப்புறம் மலையடிவாரத்தில் ஸ்ரீரமணாசிரமத்தைக் காண்பர். உள்ளே நுழைந்து மகரிஷியின் சமாதியை வணங்கியவர்கள் அடுத்துள்ள மாத்ருபூதேசுவரர் ஆலயத்தையும் வலம் வருவது வழக்கம். அது சிறிய கோயில். அருணாசலேசுவரர் ஆலயத்தின் ஆயிரங்கால் மண்டபத்தையும் 217 அடி உயர ராஜகோபுரத்தையும் கண்டு வந்த கண்களுக்கு அது மிகச் சிறியதாகவே தோன்றும். ஆயினும் கருங்கல்லில் எழுந்த அதன் தூண்களையும் விமானத்தையும் நின்று நோக்குபவர்களுக்கு, கல்லும் கணக்கும் பக்தியும் ஒன்றுகூடிய ஒரு பெரும் உழைப்பு அதில் அடங்கியிருப்பது புலப்படும்.

தரிசனத்துக்கு வருவோர் சுவாமியின் பெயரைக் கேட்கிறார்கள். நைவேத்திய நேரத்தைக் கேட்கிறார்கள். கோயிலை எழுப்பியவர் யார் என்று கேட்பவர் அரிது. அக்கேள்விக்கு விடை உண்டு. வைத்தியநாத ஸ்தபதி என்பவர் அக்கோயிலின் சிற்பாசாரியார். அவருடைய புதல்வரே பின்னாளில் கன்னியாகுமரிக் கடலில் திருவள்ளுவருக்குச் சிலை எழுப்பிய வை. கணபதி ஸ்தபதி. இவ்விரு தலைமுறையின் வாழ்வையும் பணியையும் எண்ணிப் பார்த்தால், கட்டடக் கலை என்னும் தொழில் ஒரு மனிதனிடம் எதைக் கேட்கிறது, அவனுக்கு எதைத் தருகிறது என்பது தெளிவாகும். வீட்டில் பிள்ளையோ பெண்ணோ அத்தொழிலை விரும்பி நிற்கும் குடும்பங்களுக்கு அது பயன்படவும் கூடும்.

அன்னைக்கு ஓர் ஆலயம்

ரமண மகரிஷியின் அன்னை அழகம்மாள் 1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் மகனின் அருகிலேயே உடல் நீத்தார். அவர் முக்தி பெற்றவர் என்பதால் எரியூட்டாமல், மலையின் தென்புற அடிவாரத்தில் சமாதி செய்வித்து, அதன்மேல் சிவலிங்கம் அமைக்கப்பட்டது. மாத்ருபூதேசுவரர் என்ற திருநாமம் அதனால் வந்தது. தாயாகி வந்த ஈசன் என்று பொருள் கொள்ளலாம். அவ்வாண்டின் இறுதியில் மகரிஷியும் மலைமீதிருந்த ஸ்கந்தாசிரமத்தை விட்டு இறங்கிச் சமாதியின் அருகே தங்கலானார். ஆசிரமம் வளர்ந்தது அதன் பின்னர்தான். முதலில் கூரைக் கொட்டகையாக இருந்த இடத்தில் ஆகம முறைப்படி கற்றளி எழுப்ப வேண்டும் என்ற எண்ணத்தை, மகரிஷியின் தம்பியும் ஆசிரமத்தின் சர்வாதிகாரியுமான நிரஞ்சனானந்த சுவாமிகள் கைவிடாது பற்றி நின்றார்.

1939ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், மகரிஷியின் முன்னிலையில் அடிக்கல் நாட்டப்பெற்றது. பதினாறு வயதுச் சிறுவன் வேங்கடராமனாக அவர் 1896இல் அருணாசலத்தை வந்தடைந்ததும் ஒரு செப்டம்பர் முதல் நாளே. ஆனால் 1939ஆம் ஆண்டின் அதே நாள் உலகம் வேறொன்றுக்காகவும் நினைவில் வைத்திருக்கும் நாள். அன்றுதான் ஜெர்மனியின் படைகள் போலந்துக்குள் புகுந்தன. இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஒரு புறம் நகரங்கள் இடியத் தொடங்கிய நாளில், அண்ணாமலையின் அடியில் ஒரு கோயிலுக்குக் கல் வைக்கப்பட்டது.

மகாகும்பாபிஷேகம் நடந்தது 1949ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள். இடைப்பட்ட ஒன்பதரை ஆண்டுகளில் போர் நடந்து முடிந்தது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. தேசம் விடுதலை பெற்றது. இரும்பும் எரிபொருளும் தட்டுப்பாடாகிய காலம் அது. நன்கொடை கேட்டு யாசிப்பதை மகரிஷி விரும்பியவரல்லர். ஆகையால் வந்த பொருளைக்கொண்டுதான் வேலை நடக்க இயலும். பொருள் வராவிடில் வேகம் குறையும். இத்தகைய நிலையில் ஒரு ஸ்தபதியின் நாள்கள் எப்படிக் கழியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கல் வந்து சேர வேண்டும். வந்த கல்லில் குறை இருந்தால் தள்ள வேண்டும். தள்ளிய கல்லுக்கும் கூலி கொடுத்தாகிவிட்டது என்பதை நிருவாகத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஊரில் குடும்பத்தை விட்டு வந்திருக்கும் சிற்பிகள் வேறு வேலை தேடிப் போய்விடாமல் காக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு வாரத்தில் முடிந்த கோயில் கல்லில் முடிய ஒன்பதரை ஆண்டுகள் ஆகும்போது, அவ்வளவு காலமும் அந்த வரைபடத்தின் மீது நம்பிக்கை குன்றாமல் இருக்கும் கடமை அவருடையது.

கல் கேட்கும் கணக்கு

ஸ்தபதியின் கல்வி கணக்கில் தொடங்குகிறது. எட்டு யவை ஓர் அங்குலம். இருபத்து நான்கு அங்குலம் ஒரு முழம். தெய்வத் திருமேனியின் உயரம் முழுவதையும் தாளம் என்னும் அளவால் பகுப்பர். உத்தம தசதாளத்தில் அமையும் திருமேனி 124 பாகமாகப் பிரிக்கப்பட்டு, முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை, முழந்தாளுக்கு இத்தனை என்று வரையறை பெறும். கருவறையின் அளவிலிருந்து விமானத்தின் உயரமும், மண்டபத்தின் அகலமும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறக்கும். தனித்து நிற்கும் அளவு என்று கோயிலில் எதுவும் இல்லை.

இக்கணக்குகளில் 'ஆயாதி' என்று ஒரு பகுதி உண்டு. கட்டடத்தின் நீள அகலங்கள் அதில் வாழ்வோருக்கும் வழிபடுவோருக்கும் நன்மை தருமா என்று சோதித்துப் பார்க்கும் முறை அது. அதன் முதல் இரு உறுப்புகளின் பெயர் ஆயம், வியயம். அதாவது வரவு, செலவு. விதிகள் நூலுக்கு நூல் சிறிது வேறுபடும். மானசாரம் கூறும் முறையில், நீளத்தை எட்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்து எஞ்சுவது ஆயம். அகலத்தை ஒன்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்து எஞ்சுவது வியயம். வரவு செலவை விஞ்ச வேண்டும் என்பது விதி.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். ஒரு மண்டபம் 22 முழ நீளமும் 11 முழ அகலமும் கொண்டதாகத் திட்டமிடப்படுகிறது. 22ஐ எட்டால் பெருக்க 176. பன்னிரண்டால் வகுக்க மீதி 8. 11ஐ ஒன்பதால் பெருக்க 99. பத்தால் வகுக்க மீதி 9. வரவு எட்டு, செலவு ஒன்பது. இம்மண்டபம் ஆகாது. அகலத்தை 13 முழமாக மாற்றினால் 117, மீதி 7. இப்போது வரவு எட்டு, செலவு ஏழு. ஸ்தபதி நிறைவடைந்து அடுத்த சோதனைக்குச் செல்வார். நட்சத்திரம், யோனி, வாரம், திதி என்று அவை தொடரும். அனைத்தும் ஒருங்கே பொருந்தும் அளவு கிடைக்கும் வரையில் நூல் பிடித்து நிலத்தில் கோடு கிழிக்க அவருக்கு உரிமையில்லை.

இக்கணக்கை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனப்பாங்கு. ஆனால் இதில் பொதிந்துள்ள ஒழுக்கம் யாவருக்கும் விளங்கக் கூடியது. மனத்துக்குத் தோன்றிய அளவில் கட்டிவிட இயலாது. தன் விருப்பத்தை ஒரு விதியின் முன் நிறுத்திச் சோதித்த பிறகே கையைக் கல்லில் வைக்க வேண்டும். இன்றைய கட்டடக் கலைஞர் காற்றின் திசையையும், மண்ணின் தாங்குதிறனையும், நகராட்சி விதிகளையும், சாலையிலிருந்து விட வேண்டிய இடைவெளியையும் முன்வைத்துத் தம் வரைபடத்தைத் திருத்துவதும் அத்தகைய ஒழுக்கமே.

அடுத்தது கல். சிற்ப நூல்கள் கல்லை ஆண், பெண், நபும்சகம் என மூவகையாகப் பிரிக்கின்றன. தட்டினால் மணியோசை எழும் கல் ஒரு வகை. தாளம்போல் ஒலிக்கும் கல் ஒரு வகை. ஓசையற்ற கல் ஒரு வகை. இன்னது மூர்த்திக்கு, இன்னது பீடத்துக்கு, இன்னது தளத்துக்கு என்று பகுத்துப் பயன்படுத்துவர். அனுபவம் மிக்க சிற்பி கல்லைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டே உள்ளே விரிசல் உண்டா என்று சொல்லிவிடுவார். வேலை தொடங்கிய பின் உளிகள் கருங்கல்லில் மோதி மழுங்கிக்கொண்டே இருக்கும். பட்டறையின் ஓரத்தில் உலை வைத்து அவற்றைக் காய்ச்சித் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவு தவறினால் எதிர்ப்பதிவு இட்டு நேர் செய்துவிடலாம். சுதையிலும் மரத்திலும்கூட ஒட்டவும் நிரப்பவும் வழியுண்டு. கல்லில் அதற்கு இடமே இல்லை. கல்லிலிருந்து எடுக்கலாமே தவிர, எடுத்ததைத் திரும்ப வைக்க இயலாது. மூக்கு நுனியில் ஒரு நெல்லளவு கூடுதலாகத் தெறித்துவிட்டால், மாதக்கணக்கான உழைப்பு அந்த ஒரு தட்டில் வீணாகும். பின்னமான திருமேனியை வழிபாட்டில் வைக்கலாகாது. ஆகவே சிற்பியின் வாழ்வில் அவசரத்துக்கு இடமில்லை, கோபத்துக்கும் இடமில்லை. மனம் கலங்கிய நாளில் உளியைத் தொடாதிருப்பதும் தொழிலின் ஒரு பகுதியே.

தொட்ட கை விலகும் நாள்

கும்பாபிஷேக நாள்கள் நெருங்கியபோது மகரிஷியின் இடக்கையில் தோன்றிய கட்டிக்கு முதல் அறுவைச் சிகிச்சை நடந்து முடிந்திருந்தது. அவர் உடல் நலம் குன்றத் தொடங்கிய காலம். ஆயினும் ஆலயப் பணியில் அவர் காட்டிய ஈடுபாட்டை, ஆசிரமத்தில் வாழ்ந்த ஆங்கில அடியார் மேஜர் சாட்விக் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். புனித நீராட்டுக்கு முன்னர் ஓர் இரவு, கடும் புழுக்கம். காற்றுப் புகாத கருவறைக்குள், கல்லைப் பிணைக்கும் பொருளை உருக்கும் அடுப்புகளின் வெப்பமும் சேர்ந்திருந்தது. அங்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் மகரிஷி அமர்ந்து, வேலை செய்வோருக்கு இன்னது செய்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்னோர் இரவில் புதிய மண்டபத்தின் கதவையும் கோயில் கதவையும் திறந்து நேரே கருவறைக்குள் சென்று, அங்கு எழுந்தருளியுள்ள ஸ்ரீசக்கர மேருவின் மீது இரு கைகளையும் வைத்துச் சில நிமிடங்கள் நின்றார்.

வேலை நடக்கும் இடத்தில், வெப்பத்தில், உடன் உட்காரும் ஒருவர் கிடைப்பது ஒரு ஸ்தபதிக்கு எத்தகைய பேறு! கட்டடத் தொழிலில் உள்ளவர்கள் இதன் அருமையை நன்கு அறிவர். பெரும்பாலான உரிமையாளர்கள் வாஸ்து பூசையன்று வருவர். புதுமனை புகுவிழாவன்று வருவர். இடையில் வியர்வை சிந்தும் நாள்களில் வருவோர் சிலரே. அச்சிலருக்காகவே நல்ல கட்டடங்கள் பிறக்கின்றன.

ஆனால் அந்தப் பேற்றுக்கு அடுத்த படியில் ஸ்தபதியின் பிரிவு காத்திருக்கிறது. மூர்த்தியின் கண்களைத் திறப்பது சிற்பியின் கை. பொன்னூசி கொண்டு விழிகளை வரைந்து, தெய்வம் உலகை நோக்குவதற்கு முதல் வாயிலைத் திறப்பவர் அவரே. அதன் பின்னர் வேத மந்திரங்கள் ஒலிக்கும்; யாகசாலையிலிருந்து கலசங்கள் புறப்படும்; கும்பநீர் விமானத்தில் சொரியும். ஸ்தபதிக்குப் புதுவஸ்திரம் அணிவித்து, சம்பாவனை அளித்து மரியாதை செய்வார்கள். அத்துடன் அவர் பணி முடிந்தது. அன்றுவரை எந்தத் திருமேனியை மடியில் கிடத்தியும் காலருகில் வைத்தும் செதுக்கினாரோ, அத்திருமேனியை அதன்பின் அவர் தொடலாகாது. அர்ச்சகர் மட்டுமே தொடுவார். ஸ்தபதி மற்ற பக்தர்களோடு வரிசையில் நின்று தரிசித்துவிட்டு, உளிப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குச் செல்வார்.

கட்டடக் கலையின் மிகக் கடினமான பாடம் இதுவே. உருவாக்கியவனுக்கு உருவாக்கியதன் மீது உரிமையில்லை. வீடு கட்டித் தந்த கலைஞர், சாவியைக் கொடுத்த மறுநாள் அவ்வீட்டுக்குள் நுழைய அழைப்பு மணியை அழுத்திக் காத்திருக்க வேண்டும். அவர் நிழலுக்காக விட்ட முற்றத்தில் உரிமையாளர் தகரக் கூரை வேய்ந்திருக்கலாம்; காற்றுக்காக வைத்த சாளரத்தை அலமாரியால் அடைத்திருக்கலாம். கேட்க இயலாது. இந்தப் பற்றறுத்தலைத் தாங்க இயலாதவர்கள் இத்தொழிலில் கசந்து போகிறார்கள். தாங்கப் பழகியவர்களுக்கு அதுவே ஒரு சாதனையாகிவிடுகிறது.

புகழின் கணக்கும் இப்படியே. அருணாசலேசுவரரின் ராஜகோபுரம் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்றுத் தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் நிறைவுற்றது என்று படித்திருக்கிறோம். கிருஷ்ணதேவராயர் 1529இல் மறைந்தார். தொடங்கியவர் முடிவைக் காணவில்லை. ஆயினும் இவ்விரு மன்னர்களின் பெயரையும் ஊர் அறியும். பதினொரு நிலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாமல் நிற்க நூல் பிடித்த பெருந்தச்சனின் பெயரை வணங்கி நிற்போரில் எத்தனை பேர் அறிவர்? தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று ஒரு பெயர் காணப்படுவது, ராஜராஜ சோழனின் பெருந்தன்மைக்கு மற்றொரு சான்று. அத்தகைய பேறு சிலருக்கே வாய்த்தது.

மகனின் கணக்கு

வைத்தியநாத ஸ்தபதியின் மகன் கணபதி 1927இல் பிள்ளையார்பட்டியில் பிறந்தார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்ற இளைஞனுக்கு அரசு அலுவலகமும் பள்ளிக்கூடமும் வங்கியும் கதவு திறந்து வைத்திருந்தன. மாதம் பிறந்தால் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம். மறுபுறம் தந்தையின் தொழிலோ கல்தூசியும் வெயிலும் நிலையற்ற வருவாயும் கொண்டது. மன்னர்கள் போய்விட்டார்கள், ஜமீன்கள் ஒழிந்துகொண்டிருந்தன, சிமென்ட் கட்டடங்கள் எங்கும் எழுந்தன. பரம்பரைச் சிற்பிகளின் பிள்ளைகள் பலர் உளியைக் கீழே வைத்துவிட்டு நகரங்களுக்குச் சென்ற காலம் அது. தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவே வந்த கல்வி, ஒரே ஒரு தலைமுறை விலகிவிட்டால் முற்றிலும் அறுந்துவிடும்.

கணிதப் பட்டதாரி தந்தையின் பாதைக்கே திரும்பினார். பழனி தண்டாயுதபாணி சுவாமி தேவஸ்தானத்தில் ஸ்தபதியாகப் பணி செய்தார். 1957இல் அரசு மாமல்லபுரத்தில் சிற்பக்கலைப் பயிற்சிக்கு ஒரு நிலையத்தை நிறுவியபோது, அதன் முதல் தலைவராக வைத்தியநாத ஸ்தபதி அமர்ந்தார். அண்ணாமலையில் கோயில் எழுப்பிய கை, பல்லவர் கடற்கரையில் மாணவர்களுக்கு உளி பிடிக்கக் கற்றுத் தந்தது. தந்தைக்குப் பின் மகன் அப்பொறுப்பை ஏற்று 27 ஆண்டுகள் நடத்தினார். வீட்டுத் திண்ணையில் மகனுக்கு மட்டும் சொல்லப்பட்ட கல்வி வகுப்பறைக்கு வந்தது. பட்டப் படிப்பாக உயர்ந்தது. எந்தக் குலத்தில் பிறந்தவரும் கற்கலாம் என்று ஆயிற்று. ஒரு குடும்பத்தின் சொத்தைப் பொதுச் சொத்தாக்குவது எளிதான காரியமன்று. இவ்விருவரும் அதைச் செய்தார்கள். அறுந்திருக்கக் கூடிய இழை அதனால் நிலைத்தது.

சட்டம் வேறொரு சிக்கலை வைத்தது. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, அதன்கீழ் அமைந்த கவுன்சிலில் பதிவு பெற்றவரே 'ஆர்க்கிடெக்ட்' என்று தம்மை அழைத்துக்கொள்ள இயலும். ஆயிரம் ஆண்டுகள் நிற்கும் கோபுரத்தைப் பரம்பரைக் கல்வியால் வகுக்கத் தெரிந்தவரும் பதிவு இல்லாவிடில் அப்பெயரைச் சூட இயலாது. 'ஸ்தபதி' என்ற பழம் பெயர் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குரிய மதிப்பை உலகம் உணர்வதற்குத்தான் சிறிது காலம் பிடித்தது.

கணபதி ஸ்தபதி 1988இல் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்கள் அனைவரும் கவனிக்க வேண்டிய செய்தி, அவருடைய பெரும் பணிகள் இரண்டு அதன் பிறகே நடந்தன என்பது. கன்னியாகுமரியில் வள்ளுவருக்குச் சிலை வைக்க 1979இலேயே அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் வேலை தொடங்கியது 1990இல்தான். பதினோர் ஆண்டுகள் அடிக்கல் அடிக்கல்லாகவே கிடந்தது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்க 38 அடிப் பீடம். பொருட்பால், இன்பத்துப்பால் இரண்டின் 95 அதிகாரங்களைக் குறிக்க 95 அடித் திருவுருவம். மொத்தம் 133 அடி. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சிலை திறக்கப்பட்டபோது ஸ்தபதி எழுபதைக் கடந்திருந்தார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து பீடத்தில் மோதியது. சிலை நின்றது. மரபுக் கணக்கின் உறுதிக்குக் கடலே சான்றளித்த நாள் அது.

மற்றொரு பணி கடல் கடந்தது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான காவாயில் சற்குரு சிவாய சுப்பிரமுனியசுவாமி விரும்பிய இறைவன் கோயிலுக்கு வடிவம் வகுத்தவர் கணபதி ஸ்தபதி. கற்கள் பெங்களூரு அருகே உளியால் செதுக்கப்பட்டுக் கப்பலேறிச் சென்றன. 1990களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை 2023இல் பிரதிஷ்டை கண்டது. விரும்பிய குருநாதர் 2001இலும், வகுத்த ஸ்தபதி 2011இலும் மறைந்துவிட்டார்கள். தந்தைக்கு ஒன்பதரை ஆண்டுகளின் முடிவில், மகரிஷியின் கண் முன்னே கும்பாபிஷேகம் காணும் பாக்கியம் கிட்டியது. மகனுக்கு இப்பணியில் அது கிட்டவில்லை. அவரிடம் கற்றவர்களின் கைகள் முடித்து வைத்தன.

உலகின் பிற பகுதிகளிலும் இத்தொழிலின் இயல்பு மாறவில்லை. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் சக்ராடா ஃபமீலியா என்னும் தேவாலயம் 1882இல் தொடங்கியது. மறு ஆண்டு பொறுப்பேற்ற கௌடி என்னும் கலைஞர், 1926இல் டிராம் வண்டி மோதி மறையும் வரையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதற்கே உழைத்தார். அவர் காலத்தில் அது முடியவில்லை. நூறாண்டுகளாக வேலை தொடர்கிறது. தெய்வத்துக்கு வீடு கட்டுவோர் எந்த நாட்டினராயினும், தம் ஆயுளைவிடப் பெரிய கால அளவில் வாழப் பழகிக்கொள்கிறார்கள்.

வீட்டில் ஒரு கேள்வி

இன்று பல இல்லங்களில் பிளஸ் டூ முடித்த மகளோ மகனோ, "ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன்" என்று சொல்லும்போது பெற்றோர் தயங்குகிறார்கள். அத்தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பொறியியல் நான்கு ஆண்டு, இதுவோ ஐந்தாண்டு. நுழைவதற்கே தனியே ஓர் உளச்சார்புத் தேர்வு உண்டு. பட்டம் பெற்ற பின் ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் சிறு ஊதியத்தில் உழைத்தே தொழில் பழக வேண்டும். உடன் படித்தவர்கள் மென்பொருள் நிறுவனங்களில் சேர்ந்து கார் வாங்கும்போது, இவர்கள் செங்கல் அடுக்கின் நடுவே தூசியில் நிற்பார்கள். சொந்தமாகத் தொழில் தொடங்கினால் கட்டணம் தவணை தவணையாக வரும். சில தவணைகள் வராமலே போகும். உரிமையாளர் மனம் மாறுவார்; மேஸ்திரி வரைபடத்தைப் படிக்க மறுப்பார்; அனுமதிக் கோப்பு மேசை மேசையாய் நகரும். முதல் பத்தாண்டுகளின் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு, வியயமே ஆயத்தை விஞ்சி நிற்பதாகத் தோன்றும்.

ஆனால் அக்கணக்கை எங்கே முடிப்பது என்பதில்தான் தெளிவு வேண்டும். திருவண்ணாமலைச் சிறு கோயிலின் கணக்கை 1949இல் முடித்திருந்தால், ஒன்பதரை ஆண்டு உழைப்பு, ஒரு புதுவஸ்திரம், ஒரு சம்பாவனை என்று எழுதி முடித்திருக்கலாம். அதன் பின்னர் இத்தனை ஆண்டுகளாக அக்கருவறையில் நாள்தோறும் தீபம் ஏற்றப்படுகிறது. எத்தனை தாய்மார்கள் தம் பிள்ளைகளுக்காக அங்கே நின்று வேண்டியிருப்பார்கள்! தாயை இழந்த எத்தனை பிள்ளைகள் அத்தூணில் சாய்ந்து ஆறுதல் பெற்றிருப்பார்கள்! இந்த வரவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. மழைக்கு ஒழுகாத பள்ளிக்கூடமும், காற்றோட்டமுள்ள பிரசவ விடுதியும், முதியவர் தடுமாறாமல் ஏறும் படிக்கட்டும் அவ்வாறே. வடிவமைத்தவர் பெயரை யாரும் சொல்வதில்லை; பயன் நாள்தோறும் சென்று சேர்ந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே பெற்றோர் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி சம்பளத்தைப் பற்றியது மட்டுமன்று. காத்திருக்க இயலுமா? தன் பெயர் மறைந்தாலும் மனம் நிறையுமா? முடித்ததைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு விலகி நிற்கத் தெரியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்று பிள்ளை தயங்காமல் சொன்னால், தடுக்க வேண்டியதில்லை. இயலுமானால் ஒரு விடுமுறை நாளில் மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்று, சிற்பிகளின் பட்டறை வாசலில் சிறிது நேரம் நிற்கச் செய்யலாம். உளியோசையைக் கேட்டு முகம் மலரும் பிள்ளைக்கு வேறு தேர்வு வேண்டியதில்லை.

தாயாகவும் மலையாகவும் நின்று அருளும் அண்ணாமலையார், கட்டும் கைகளுக்கெல்லாம் பொறுமையையும், அவர்கள் கட்டியவற்றில் வாழும் குடும்பங்களுக்கெல்லாம் நிறைவையும் அருள்வாராக.